கத்தரித் தோட்டத்துக் கரிச்சட்டி

அடிபிடித்து, விளிம்பு உடைந்து, இனி சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மண்சட்டி அது. வெளிப்பக்கம் முழுக்கக் கரி. அந்தக் கரியின்மேல் மதினி சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தார். சுற்றிலும் புள்ளி வைத்தார். கத்தரித் தோட்டத்தின் நடுவில் நட்டிருந்த ஆளுயரக் கம்பில், வைக்கோல் சுற்றி, அதன்மேல் கவிழ்த்து வைத்தார். இடது கண் பெரிது, வலது கண் சிறிது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. "என்ன மதினி, வாய் கோணிப்போச்சு?" என்று கேட்டேன். "உங்க அண்ணன மனசுல வச்சு வரைஞ்சேன் கொழுந்தனாரே. வேற எப்படி வரும்?" என்றார். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அண்ணன் முகம்கூடச் சில நாள் சட்டென்று நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. அந்தச் சட்டியின் முகம் கண்ணை மூடினால் நேர் எதிரே வந்து நிற்கிறது. நிற்பதோடு விட்டாலும் பரவாயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. போடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தின நாள், தோற்றுவிடுவேனோ என்று நினைத்து நினைத்தே காய்ச்சல் வந்து படுத்தேன். பரீட்சை எழுதவில்லை. எழுதாததால் தோற்கவும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான். வானம் இருட்டினால் ஒரு கவலை, இருட்டாவிட்டால் இன்னொரு கவலை. இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தடவை எழுந்துபோய்க் கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட வீடு எங்களுடையது. அண்ணன் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார். ஆகவே உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், பஸ் ரோட்டை ஒட்டி இருந்த அந்த முக்கால் ஏக்கர் தோட்டத்தைப் பார்த்தது மதினிதான். நான் கூடமாட நின்றேன். கூடவே கவலையும்பட்டேன்.

கத்தரி கவலைப்படுகிறவன் வளர்க்கக்கூடிய செடியில்லை. நட்டு இரண்டு மாதத்தில் ஊதா நிறத்தில் பூ விடும். இலைக்கு அடியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பூவைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பூ பிடிக்குமா உதிருமா என்று ஒரு வாரம் தெரியாது. பிடித்த பிறகு புழு. இளந்தண்டைத் துளைத்து உள்ளே போகும். காலையில் நிமிர்ந்து நின்ற கொழுந்து மத்தியானம் தலைசாய்ந்து கிடக்கும். அதற்குப் பிறகு காய்க்குள் போகும். வெளியே பார்த்தால் வெள்ளை வரி ஓடிய ஊதாக் காய், துணியில் தேய்த்தால் கீச்சென்று சத்தம் போடும் அளவுக்கு மினுமினுப்பு. ஊசி குத்தியது போல் ஒரே ஒரு ஓட்டை. அரிந்தால் உள்ளே முழுக்கக் கறுத்துப்போயிருக்கும். மூன்று காயில் ஒன்று இப்படிப் போனால் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்துக்கும் பூச்சிமருந்து வந்துவிட்டது. முதுகில் மாட்டுகிற மருந்து மிஷின் ஊருக்கு இரண்டே இரண்டு. முறை வைத்து வாடகைக்கு எடுப்பார்கள். மருந்து தெளித்தால் எட்டு நாள் காய் பறிக்கக் கூடாது என்பது மதினியின் கட்டளை. மற்றவர்கள் மூன்று நாள், நான்கு நாள் என்று பறித்தார்கள். சிலர் காலையில் அடித்து மாலையில் பறித்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மதினி எட்டு நாளில் ஒருநாள் குறைய விட மாட்டார்.

அந்த எட்டு நாளைக் காவல் காத்தது அந்தச் சட்டிதான். கண்ணேறு படாமலிருக்க எல்லாத் தோட்டத்திலும் கரிச்சட்டி நிற்கும், முகம் வழியைப் பார்த்து. போகிறவர் வருகிறவர் கண் முதலில் அதில் விழ வேண்டும், பயிரில் விழக் கூடாது. எங்கள் தோட்டத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மருந்து தெளித்த அன்று மதினி சட்டியைத் திருப்பிவிடுவார். முகம் உள்பக்கம் போய்விடும், வழிக்கு முதுகு தெரியும். சட்டி திரும்பியிருந்தால் தோட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. மதினிக்கும் எழுத்து தெரியாது, காய் பறிக்க வரும் பெண்களுக்கும் தெரியாது. பலகை எழுதி வைத்து என்ன பயன்? சட்டியை எல்லோராலும் வாசிக்க முடிந்தது. எட்டாம் நாள் மறுபடி முகத்தை வழிப்பக்கம் திருப்புவார். அதற்கு முன் ஒரு வேலை செய்வார். நாலைந்து காயை மட்டும் பறித்து, காம்பை வெட்டாமல் நான்காகக் கீறி, நல்லெண்ணெயில் வதக்கி, சின்ன வெங்காயமும் புளியும் விட்டுச் சுண்ட வைப்பார். அந்த வாசத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் அன்று அந்தக் குழம்பு மதினிக்கு மட்டும். எனக்கும் அண்ணனுக்கும் ரசமும் துவையலும். கேட்டால், "மாசக்கணக்குல தண்ணி பாச்சுனவ நானு, மொதல்ல நாந்தான் திம்பேன்" என்பார். அண்ணன் வீட்டிலிருக்கும் நாளாக இருந்தால், "ஏலே, உங்க மதினிக்கு என்னைய விடக் கத்தரிக்காதான் ஒசத்தி. நாளைக்கு நான் இல்லன்னாலும் பரவால்ல, கத்தரிக்கா இல்லன்னா உசுர விட்ருவா" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று முழுக்க மதினி வேறெங்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பார் என்பதையோ, பொழுது சாய்ந்த பிறகே போய்ச் சட்டியைத் திருப்புவார் என்பதையோ நாங்கள் இருவரும் கவனித்ததே இல்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்த வருடம். ஆனி மாதம். கிணற்று மோட்டாருக்குள் சுற்றியிருந்த செம்புக் கம்பி எரிந்துபோனது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோனேன். புதுக் கம்பி சுற்ற இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தால் பழைய கம்பியையே சுற்றிவிடுவார்களோ என்று பயந்து, அங்கேயே தெரிந்தவர் கடையில் படுத்துக்கொண்டு இரண்டு நாளும் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை மோட்டாரோடு ஊர் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை சாவியைக் கொடுத்து, "உங்க மதினி காலைல போடிக்குப் போயிருக்காக. அவுக ஆத்தா வழுக்கி விழுந்துட்டாகளாம். தோட்டத்த எல்லாம் பாத்துக்கிடச் சொன்னாக" என்றார். எல்லாம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நான் ஊரில் இல்லாத இரண்டாம் நாள், யாரோ ஒருவர் முறை தவறியதால் மருந்து மிஷின் சும்மா கிடந்திருக்கிறது. எங்கள் முறை அடுத்த வாரம்தான். புழு அதுவரை காத்திருக்குமா என்று மதினி ஆள் வைத்து அன்றே தெளித்துவிட்டார். சட்டியையும் திருப்பி வைத்துவிட்டார். மறுநாள் காலையில்தான் போடியிலிருந்து சேதி வந்திருக்கிறது. சட்டி இருக்கிறது, கொழுந்தன் வந்தால் பார்த்துக்கொள்வான் என்று நம்பிப் பஸ் ஏறிவிட்டார். நான் அன்று மாலை தோட்டத்துக்குப் போனேன். சட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பார்த்ததும் நெஞ்சு பதறியது. மருந்து என்று என் புத்தி போகவில்லை. முறை அடுத்த வாரம் என்பது எனக்கு மனப்பாடம். பதறியது வேறொன்றுக்கு. அந்தத் தடவை காய்ப்பு அப்படி ஒரு காய்ப்பு. கிளை தாங்காமல் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றன செடிகள். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள் சற்று முன்தான், "ஆத்தாடி, எல தெரியல, காய்தான் தெரியுது!" என்று வாய்விட்டுச் சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன். ஆனிக் காற்றுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் தென்னை மட்டையே நிற்காது. இந்தச் சட்டி எம்மாத்திரம்? காற்று திருப்பியிருக்கிறது, ஊர்க் கண்ணெல்லாம் இரண்டு நாளாகப் பயிரில் விழுந்துகொண்டிருக்கிறது என்று நானே தீர்மானித்தேன். ஓடிப்போய்த் திருப்பினேன். மறுபடி காற்று திருப்பிவிடக் கூடாதே என்று, பட்டறையில் மிஞ்சியதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்திருந்த செம்புக் கம்பியால் சட்டியைக் கம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கட்டி முடித்து நாலடி தள்ளி நின்று பார்த்தேன். அன்று ஒருநாள்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

காற்று திருப்பினால் சட்டி கோணலாகத் திரும்பும். அது நேர் பின்பக்கம் பார்த்து நின்றது, கை வைத்துத் திருப்பியது போல. மோட்டார் அறைக்குள் மருந்து டின்னைத் தூக்கிப் பார்த்திருந்தால் அதன் கனமே சொல்லியிருக்கும். வாடை வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள் பட்டறை வார்னிஷை முகர்ந்த மூக்கு எனக்கு. மேலே ஆனிச் சாரல் வேறு தூறியிருந்தது. இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுத முடிகிறது. அன்று ஒன்றும் தோன்றவில்லை. கவலைப்படுகிறவன் எச்சரிக்கையானவன் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படியில்லை. வாசலில் ஒரு பயத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிடுகிறவன் அவன்.

மறுநாள் கம்பத்திலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் வந்தார். மதினியின் காயை வாடிக்கையாக வாங்குகிறவர். நாளை மறுநாள் கல்யாணம், காலை முதல் பஸ்ஸுக்கு மூன்று கூடை வேண்டும் என்றார். நானும் சரி என்றேன். விடிந்ததும் பறிக்கிற பெண்கள் வந்தார்கள். ரோட்டில் நின்று சட்டியைப் பார்த்தார்கள். அது அவர்களைப் பார்த்தது. இறங்கினார்கள். அவர்களில் மூத்த பெரியம்மா மட்டும் விரலைத் தேய்த்துப் பார்த்து, "ஏன்யா, எல பிசுபிசுன்னு இருக்கே?" என்றார். "அசுவிணிப் பூச்சியா இருக்கும் பெரியம்மா, வெரசாப் பறிங்க, பஸ்ஸு போயிரும்" என்றேன். எனக்கு அப்போது பஸ் கவலை. மூன்று கூடையும் பஸ் கூரையில் ஏறின. அதே பஸ்ஸில் வந்திருந்த சமையல்காரர் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்.

மத்தியானப் பஸ்ஸில் மதினி வந்தார். ரோட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வராமல், கையில் பையோடு நேராகத் தோட்டத்துக்குள் இறங்கினார். நான் வாய்க்கால் மடையில் நின்றிருந்தேன். சட்டியின் அருகில் போய் அந்தச் செம்புக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, இந்தச் சட்டிய யாரு திருப்புனா?"

"நாந்தான் மதினி. காத்துல திரும்பிப்போயிருந்துச்சு. அதான் கம்பி வச்சு..."

"காய் எங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விளங்கியது. அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். மதினி திட்டவில்லை. "உக்காருறதுக்கு இது நேரமில்ல. சைக்கிள எடுங்க" என்றார். நான் சைக்கிளை எடுத்து வருவதற்குள் மோட்டார் அறைக்குப் போய், மருந்து டின்னை ஒரு பழைய சாக்கில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த பஸ் மாலையில்தான். கொழுந்தன் சைக்கிளில் மதினி பின்னால் உட்கார்ந்து பஸ் ரோட்டில் போவது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமில்லை. எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், "எங்க, சினிமாவுக்கா?" என்று நக்கலாகக் கேட்டார். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமா, நீயும் வா, டிக்கெட் இருக்கு" என்றார். காற்று கம்பத்துக் கணவாயிலிருந்து நேர் எதிரே அடித்தது. மிதித்தால் சைக்கிள் நகர மாட்டேன் என்றது. பாதி வழி இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினோம். "என்ன மதினி ஆகும்? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருமா?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாறு முறை கேட்ட பிறகு, "வாய மூடிட்டு மிதிங்க. மூச்சு மிச்சமாகும்" என்றார்.

கல்யாண வீட்டின் பின்பக்கம் பந்தல் போட்டுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவில் தண்ணீர். அதில் எங்கள் கத்தரிக்காய், நான்காகக் கீறியது, மிதந்துகொண்டிருந்தது. சமையல்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்து, "என்ன தாயி, மூணு கூட பத்தாதுன்னு நீங்களும் அரிய வந்துட்டீகளா?" என்றார்.

என் மனதுக்குள் ஒரு பொய் தயாராக இருந்தது. வேறு வீட்டுக்குப் போக வேண்டிய காய் மாறி வந்துவிட்டது என்று சொல்லிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் மதினி பேசிவிட்டார்.

"அண்ணே, அந்தக் காயில கை வைக்காதீக. மருந்தடிச்சு மூணு நாள்தான் ஆகுது. சொல்லாம ஊருக்குப் போயிட்டேன். எம்மேலதான் தப்பு."

அரிவாள்மணைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நான் மதினியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தப்பு என்மேல் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து, "நல்ல காரியம் நடக்கிற வீட்டுல வந்து வெசம் மாதிரி வார்த்தையச் சொல்றியேம்மா" என்று கத்தி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. "சொன்னாத்தான மாமா, நாளைக்கு நல்ல வார்த்தை சொல்ல வந்தவுக நல்லாத் திரும்பிப் போவாக" என்று மதினி பதில் சொன்ன பிறகும் இருந்தது. நான் அண்டாவில் மிதந்த காய்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சமையல்காரர் முகம் வெளுத்துவிட்டது. "தாயி, மத்தியானமே அதுல ரெண்டு கிலோ எடுத்துக் குழம்பு வச்சுட்டேனே. வெளியூர்லருந்து வந்த சனம் இருவது பேரு சாப்டாச்சு. நானும் சாப்டேன்" என்றார். பிறகு சந்தேகமாகக் கேட்டார்: "எட்டு நாள் எட்டு நாள்ங்கிறீகளே, எட்டு நாளானா ஒண்ணும் செய்யாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தின்னு பாத்திருக்கேன்ல" என்றார் மதினி. "ஒவ்வொரு தடவையும் மொதல்ல நான் தின்னுட்டு, பொழுது எறங்குற மட்டும் பாத்துட்டுத்தான் சந்தைக்குப் பறிக்கிறது."

"மூணு நாளானா என்ன செய்யும்?"

"அது தெரியாதுண்ணே. நான் எட்டு நாளுக்குத்தான் பாத்திருக்கேன்."

அந்த நல்லெண்ணெய் வாசம் அப்போது எனக்கு மூக்கில் ஏறியது. அண்ணனும் நானும் ரசத்தைப் பிசைந்துகொண்டு சிரித்த சிரிப்பும். எனக்குக் கண்ணீர் வந்தது, பயத்தினால் வந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஒருநாள், ஆட்டுக்குப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "ஆடு வாயத் தொறந்து வயிறு வலிக்குதுன்னு சொல்லுமா? செத்தாத்தான் தெரியும். எனக்குன்னா வலிக்கும்போதே தெரியும்ல" என்றார், சோறு வடிக்கப் பக்குவம் சொல்வது போல.

அந்த மாலையைப் போல நீளமான மாலையை நான் பார்த்ததில்லை. மதினி, சாப்பிட்ட இருபது பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய், கண்ணைப் பார்த்து, தலை சுற்றுகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். பந்தலின் ஓரத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா ஒருவர் வாயைத் திறந்து போட்டு மல்லாந்து கிடந்தார். என்னால் அவரை விட்டு நகர முடியவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை வைத்தபோது கண்ணைத் திறந்து, "ஏலே, யாருடா நீ? சாகலடா, தூங்குறேன். செத்தா நானே சொல்றேன், போ" என்றார். அந்த நேரம்தான் உள்ளே ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. நாலு வயதுப் பெண் குழந்தை. மதினி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் அம்மா பின்னால் ஓடிவர, அடுத்த தெருவில் இருந்த டாக்டரிடம் ஓடினார். சாக்கில் சுற்றிய டின்னைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். டாக்டர் என்ன மருந்து என்று கேட்டதும் மதினி டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நீங்க பாத்துக்கங்க" என்றார். டாக்டர் வாசித்தார். குழந்தையின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஊசி போட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த லட்டு எங்கே என்று கேட்டு அழ ஆரம்பித்தது. ஏழு லட்டு தின்றிருந்ததாம். அது வாந்தி எடுத்தது லட்டினாலா எங்கள் காயினாலா என்று டாக்டரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கலாம். நன்றாக இருக்க வேண்டும்.

மற்ற எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று கூடைக் காயையும், அரிந்ததையும் அரியாததையும், மதினியும் நானும் கொல்லையில் ஆள் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, மாடு கிளறாமலிருக்க மேலே சாம்பல் கொட்டி மூடினோம். சமையல்காரர் வாழைக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பை மாற்றிக்கொண்டார். வாழைக்காய் அரிய மதினியும் உட்கார்ந்தார். கறை பிடித்த விரல்களோடு திரும்பும் வழியில் காற்று பின்னாலிருந்து தள்ளியது. சைக்கிள் தானாகவே போனது. "ஏன் மதினி உங்கமேல தப்புன்னு சொன்னீக?" என்று கேட்டேன். "நீங்கன்னு சொன்னா நாளைக்கு உங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்குத்தான் ஆயிருச்சே. கோணவாயா இருந்தாலும் ஒருத்தன் கெடச்சுட்டான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா வாயா தேஞ்சுரும்?" என்றார். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

ஊர் அவ்வளவோடு விடவில்லை. அடுத்த சந்தையிலேயே மதினிக்கு 'மருந்துக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பறிக்கிறவர்கள், மறுநாளே பறிக்கிறவர்கள் எல்லோருடைய காயும் போனது. எட்டு நாள் காத்தவரின் கூடை மட்டும் அப்படியே இருந்தது. "மருந்துக்காரி தோட்டத்துக் காயா? நமக்கு வேண்டாம்ப்பா" என்று வியாபாரிகள் கூடையைக் காலால் தள்ளினார்கள். மதினி கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "எட்டு நாளாச்சு, வேணும்னா விரல விட்டு எண்ணிக்க" என்பார். நான் பக்கத்திலேயே நின்றேன், சாக்கை மடித்துக்கொண்டு. சட்டியைத் திருப்பியவன் நான் என்று அங்கே சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் முன்பே, அடுத்த முறை மருந்தடித்த எட்டாம் நாள், மதினி அடுப்பில் கத்தரிக்காய் வைத்தபோது நானும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "எந்திரிங்க" என்றார். "உங்களுக்கு வலிக்காமலே வலிக்கும். உங்களத் தின்ன வச்சுச் சோதிச்சா ஒரு காயும் சந்தைக்குப் போகாது." பிடிவாதமாகத் தின்றேன். அவர் சொன்னது போலவே பொழுது சாயும் வரை எனக்கு வயிறு வலித்தது. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த ருசியை எப்படிச் சொல்வது? காம்பைச் சப்பும்போது எண்ணெயும் புளியுமாக நாக்கில் இறங்குகிறது. கூடவே பயம். பிற்பாடு எத்தனையோ இடத்தில் கத்தரிக்காய் தின்றேன். பயம் கலக்காத ருசி எனக்கு வாய்க்கவே இல்லை.

மதினி போய் எட்டு வருடம் ஆகிறது. துஷ்டி கேட்க வந்த ஒரு வயதான அம்மாள் பஸ்ஸை விட்டிறங்கி என்னிடமே, "மருந்துக்காரம்மா வீடு எதுங்கய்யா?" என்று கேட்டார். கையை நீட்டி வழி காட்டினேன். அப்போதும் வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் பழனிசெட்டிபட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொத்து வேலை முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்று தூண் கம்பியில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருக்கிறார்கள். நாக்கைத் தொங்கப்போட்ட பிளாஸ்டிக் முகம், தெருவைப் பார்த்து. போன வாரம் காற்று கிளம்பியது. ஆனி பிறந்துவிட்டதே. மறுநாள் காலையில் வாசலில் காய் வாங்கிக்கொண்டு திரும்பிய மருமகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரு மாமா பொம்மையத் திருப்புனது? வீட்டுக்குள்ள பாத்துக்கிட்டு நிக்குது" என்றாள். காற்று என்று சொல்லியிருக்கலாம். கோணலாகத்தான் திரும்பியிருந்தது, நான் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"நாந்தாம்மா" என்றேன்.

"நீங்களா? ஏணியக் கண்டாலே முட்டு நடுங்கும் உங்களுக்கு!"

"நாந்தான் திருப்புனேன். யாரையும் ஒரு வார்த்த கேக்காமத் திருப்பிட்டேன். எம்மேலதான் தப்பு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினாள். பொம்மையை நேராக்கிவிட்டு, அங்கிருந்தே, "மறுபடி திரும்பாம கம்பி வச்சுக் கட்டிரட்டுமா மாமா?" என்று கேட்டாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவள் கீழே வைத்துவிட்டுப் போன கூடை என் காலடியில் இருந்தது. மேலாக நாலைந்து கத்தரிக்காய். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. எத்தனை நாள் ஆனது என்று யாரிடம் கேட்பது?